நீர்மட்டம்

“ஏனுங்க, போட் ஓடலைன்னு நேத்தே போன்ல சொன்னனுங்களே!” டிக்கெட் கவுண்டரில் இருந்த கோபாலசாமிக்குச் சங்கடமாக இருந்தது.

கோடைக்குக் கோடை போன் செய்து மலை ஏரியின் நீர்மட்டம் கேட்கும் பெரியவர் பஷீர், முதன்முறையாக நேரில் வந்திருந்தார். உடன், கையில் பையோடு தம்பி இல்யாஸ். அவருக்கே அறுபது இருக்கும்.

“சொன்னீங்க. அதான் கோயமுத்தூர்ல முதல் பஸ்ஸுக்கே ஏறிட்டோம்.”

“மழை பேஞ்சு ஏரி ரொம்பட்டுங்க. நானே கூப்பிடறேன். ஜம்முனு சுத்திக் காட்டறேன்.”

“ரொம்புனா பிரயோசனமில்லீங்க. கீழே எறங்கலாமுங்களா?”

“எறங்கி என்னங்க பண்றது? வெறும் காஞ்ச சேறு. நடுவால ரெண்டு கல்லு நிக்குது. வர்ற சனமெல்லாம் அதுமேல கால வச்சு போட்டோ எடுக்குது. நானே எடுத்தேன், பாருங்க.”

நீட்டிய போனை பஷீர் வெகுநேரம் பார்த்தார். இரு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார்.

“அது எங்களப் பெத்த அத்தாவை அடக்கம் பண்ணுன கபருங்க. அணை கட்டி ஊரு முழுகறப்ப இவன் கைக்குழந்தை. இவன் பொறக்கறதுக்கு முந்தியே அத்தா மவுத்து. இன்னிக்குத்தானுங்க இவனுக்கு அத்தாவைக் காட்டப்போறேன்.”

இருவரும் கரையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள்.

கல்லில் சாய்ந்து ஓர் இளம் ஜோடி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் முடிக்கட்டும் என்று அண்ணனும் தம்பியும் பத்தடி தள்ளியே நின்றார்கள். இல்யாஸின் பையிலிருந்து ரோஜாப்பூ எட்டிப் பார்த்தது.

கோபாலசாமி கவுண்டரைப் பூட்டினார். அந்த இரண்டு ஜோடிச் செருப்புகளுக்குப் பக்கத்தில் தன்னுடையதையும் கழற்றிவிட்டு, கல்லை நோக்கி ஓடினார்.