உதிரிப் பூ

மலையில் ஓடிவரும் ஓடை ஒரு பாறை வெடிப்புக்குள் இறங்கி மறைந்துவிடும். மூன்று வருடங்களுக்கு முன் பூரணத்தின் மகள் கோமு அதற்குள்தான் வழுக்கி விழுந்தாள், உடல் கிடைக்கவில்லை. வெள்ளிதோறும் பூரணம் அந்த வெடிப்பில் ஒரு கை பிச்சிப்பூவைப் போட்டுக் கும்பிடுவாள்.

ஒருநாள் அடிவாரத்து ஊரிலிருந்து ஆவுடைத்தாய் விசாரித்துக்கொண்டே மலையேறி வந்தாள்.

“பூப் போடுத மகராசி நீதானா, தாயி? சனிக்கிழமையானா எங்க கிணத்துல வந்து மிதக்கு. ஒண்ணக்கூட கால்ல மிதிபட விடல. கிணத்தடிப் பிள்ளையாருக்குத்தான் சாத்துதேன்.”

பூரணம் கைகூப்பினாள். “உதிரிப் பூவப் பொறுக்கவா இம்புட்டுச் சிரமப்படுதிய, அக்கா?”

“உதிரியா? நல்லா இருக்கே கதை! சரமால்லா வருது.”

ஆவுடைத்தாய் மடியிலிருந்த ஈரத்துணியைப் பிரித்தாள். பிச்சிச் சரம்தான். நாலு பூவுக்கு ஒரு முடிச்சு நழுவியிருந்தது. எத்தனை முறை சொல்லிக் கொடுத்தும் கோமுவுக்கு அந்த முடிச்சு மட்டும் சரியாக வந்ததில்லை. கட்டியிருந்தது வாழைநாரால் அல்ல, பச்சை நூலால். பூரணம் அந்த நூலை விரலில் சுற்றிப் பார்த்தாள். விழுந்த அன்று கோமு பச்சைப் பாவாடை உடுத்தியிருந்தாள்.

“பாவாடையைப் போயி பிரிச்சிருக்காளே, கூறுகெட்டவ” என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் வெடிப்பருகே குனிந்தார்கள். பூரணம் பூவைப் போட்டாள். ஆவுடைத்தாய், கிழித்து நனைத்து எடுத்து வந்திருந்த வாழைநார்ச் சுருளைப் போட்டாள்.