மே மாத லீவு

உலகின் பெரிய முடிவுகள் எல்லாம் காபி ஆறுவதற்குள் எடுக்கப்பட்டவை. எடுத்தவர்கள் ஆண்கள்.

இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை.

எதிரே மனைவி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதவிடாய் நிற்கிற வயது. நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. மாத்திரையில் கட்டுப்படுத்திப் பார்க்கலாம், இல்லையென்றால் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றிருந்தார் டாக்டரம்மா. வீட்டில் நிதானமாக யோசிப்பதற்கென்று ஓர் இணையப் பக்கத்தையும் அனுப்பியிருந்தார்.

பக்கம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டது. அவள் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

‘இந்த முடிவில் உங்களுக்கு எது முக்கியம்?’

அங்கே விரல் நின்றுவிட்டது.

கேள்வி புதிது.

“கத்திரிக்கா வாங்கறதுக்கும் இனிமே அதுகிட்டதான் கேப்பியா?” என்றார்.

மகள் சிரித்துவிட்டாள். பிறகு, “அம்மா யோசிக்கட்டும்ப்பா” என்றாள்.

“யோசிக்க என்ன இருக்கு? ரெண்டு பெத்தாச்சு. இனி அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறா? எடுத்துடலாம். மே மாசம் வச்சுக்குவோம். உனக்கும் காலேஜ் லீவு. சமையலுக்கு ஆளாச்சு.”

காபியில் இன்னும் ஆவி பறந்தது.

“எனக்கு மாத்திரையே...” என்று அவள் ஆரம்பித்தாள்.

பரீட்சை என்றைக்கு முடிகிறது என்று அவர் மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மே மாதம் வந்தது.

ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தார். கையில் தட்டு. மேலே பச்சைத் துணி.

“பேஷண்டோட வீட்டுக்காரர்தானே? பாத்துக்கங்க சார். எடுத்தாச்சு.”

கூட வந்தவர்களுக்குக் காட்டிவிடுவது அங்கே வழக்கம்.

துணி விலகியது.

பார்த்தார். உள்ளங்கையில் அடங்கிவிடும். இரண்டு பிள்ளைகள் அதற்குள் எப்படி இருந்தார்கள் என்று பிடிபடவில்லை.

“போதுமா சார்?”

தலையாட்டினார். தட்டு போய்விட்டது.

பெஞ்சில் உட்கார்ந்தார். டாக்டரம்மா அனுப்பிய அந்த இணையப் பக்கத்தைத் தனக்கு அனுப்பும்படி மகளிடம் சொன்னார். அவள் அம்மாவின் போனை எடுத்தாள். அனுப்பினாள்.

வயது? நாற்பத்தெட்டு. ஒன்பதாகவும் இருக்கலாம்.

இரவில் எத்தனை முறை விழித்துக்கொள்கிறீர்கள்? அந்த நேரத்தில் அவர் தூங்குவார். ஏதோ ஓர் எண்ணைத் தொட்டார்.

வலி? திரும்பி மகளைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

கடைசியில், உங்கள் முடிவு என்ன என்று கேட்டது.

மாத்திரை.

அறுவை சிகிச்சை.

இன்னும் முடிவு செய்யவில்லை.

உள்ளே ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம்.

மூன்றாவதைத் தொட்டார்.