ஏழெழுத்து வாள்காரி

அப்பா பேரின்பநாதன் இறந்தபின் லிவர்மோர் மலைப்பாதையில் தினமும் அம்மாதான் கார் ஓட்டினாள். பின் இருக்கையில் வதனி, கேம் பாய் விளையாட்டில் மந்திரக்காரியை விட்டு வாள்காரியைத் தேர்ந்தெடுத்து, உரக்க எழுத்துக்கூட்டி அவளுக்குத் தன் பெயரையே வைத்தாள். ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. பெயருக்கு விளையாட்டில் இருந்ததும் ஏழே கட்டம்.

“அப்பாவின்ர இனிஷல் எங்க?” என்றாள் அம்மா.

“நோ ரூம், அம்மா.”

கிடைத்த புள்ளிகளையெல்லாம் வாள்காரியின் வலிமையிலேயே போட்டாள். டிராகன் அவளை ஆறு தடவை கொன்றது. ஏழாம் தடவை ஒரே வெட்டில் டிராகன் சரிந்தது. வதனி போட்ட கூச்சலில் அம்மா காரை ஓரங்கட்டினாள்.

திரையில் வெற்றியாளர் பெயர் ஆங்கிலத்தில் மின்னியது: P. Vathani.

வதனி விரல் வைத்து எண்ணினாள். எட்டு எழுத்து.

எட்டிப் பார்த்த அம்மா, “இடம் கிடைச்சிட்டுது போல,” என்றாள்.