திரும்பிப் போகப் பத்து நாள்

"இந்த சாஃப்ட்வேரை ஆபீஸ்ல மத்தவங்க தலையில ஏத்துறதுக்கு முன்னாடி என் தலையில ஏத்திப் பார்க்கணும், மிருது. அதுதான் எங்க பிரிவோட வழக்கம்."

"தலைவலி வந்தா தைலம் தேய்க்க என்னைக் கூப்பிடாதீங்க."

மகள் பூவிழி இறந்த பிறகு தயாளனும் மிருதுளாவும் சிரித்தது அன்றுதான். ஊழியர்களின் காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் சில்லுக்கான மென்பொருளின் புதிய பதிப்பு, வேலைக்குத் தடையாக இருக்கும் நினைவுகளை அகற்றிவிடும் என்று இருவரும் வேலை பார்க்கும் அலுவலகத்தின் சுற்றறிக்கையில் இருந்தது. எந்த நினைவுகள் என்று இருவருமே கேட்கவில்லை.

ஏற்றிக்கொண்ட பிறகு தயாளன் நன்றாகத் தூங்கினான். இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான். ஒரு வருடமாக அவன் பட்ட பாட்டைப் பார்த்திருந்த மிருதுளா, மனதில் இருந்ததைச் சொல்லாமல் ஒன்பது நாள் அடக்கிக்கொண்டாள். பழைய பதிப்புக்குத் திரும்பப் பத்து நாள்தான் அவகாசம்.

பத்தாம் நாள் மதியம் அவன் ஏற்றும் கருவியோடு அவள் மேஜைக்கு வந்தான்.

"முந்நூறு பேர்ல நீ ஒருத்திதான் பாக்கி. பொண்டாட்டிக்கு மட்டும் சலுகையான்னு மேனேஜர் கிண்டல் பண்றார்."

அவள் கைப்பையிலிருந்து சிறிய மஞ்சள் ஹேர் கிளிப்பை எடுத்து நீட்டினாள்.

"இது யாருதுன்னு தெரியுதா?"

அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "யாரோ குழந்தையோடது. ரிசப்ஷன்ல குடுத்துடு, தேடிக்கிட்டிருப்பாங்க."

பிறகு வலிக்காதபடி அவள் முடியை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் கருவியைக் கொண்டுபோனான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்குள்ள நீங்க பழசுக்கே திரும்பிடுங்க. அவளுக்காக என்னால தனியா அழ முடியலைங்க."