டிவியை எடுக்கப் போனவள்

தண்ணீர் இடுப்புவரை இருந்தது.

நிஷாந்தினி மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். எழுந்தாள். மறுபடியும் முங்கினாள்.

ஓகஸ்ட் மாதத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் விழும். ஒரு வாளி நிறைய அரைமணி நேரமாகும். அந்த ஒரு வாளியில்தான் குளியல். உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் நனைகிற சுகம் அவளுக்கு மறந்தே போயிருந்தது.

ஹாலிஎலயில், கூடப் படிக்கும் றமீலாவின் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஓடை அது. றமீலாவின் உம்மா கரையில் மாங்காய் அச்சாறு வைத்துவிட்டுப் போயிருந்தார். உதடு எரிய எரியத் தின்றார்கள். எரிச்சல் அடங்க ஐஸ் பாக்கெட்டைக் கடித்து உறிஞ்சினார்கள். சூடேறிய பாறையில் மல்லாந்து படுத்து, ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரித்தார்கள்.

விடுமுறை முழுவதற்கும் அவள் ஆசைப்பட்டது இந்த ஒரு நாள்தான். அதற்கும் அப்பாவுக்குத் தெரியாமல்தான் வந்திருந்தாள்.

சித்திரையில் ஒருமுறை ஆற்றுக்குப் போய் அகப்பட்டபோதே அப்பா மாரிசாமி சொல்லிவிட்டார். இன்னொரு தடவை தண்ணீர்ப் பக்கம் போனால் படிப்பு நின்றுவிடும். கொழும்பில் துணிக்கடை வேலைதான். அவளுக்கு டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை.

மூன்று மணி பஸ்ஸில் திரும்பினாள். தோட்டத்துச் சந்தியில் இறங்கும்போதே புகை தெரிந்தது.

அவர்களுடைய லயம்தான். பத்து வீடும் எரிந்து சுவர் மட்டும் நின்றது. கரண்ட் கோளாறு என்றார்கள். காய்ந்த காற்றில் நெருப்பு கூரைக்குக் கூரை தாவியிருக்கிறது. பகல் நேரம், எல்லோரும் வேலைக்குப் போயிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றார்கள்.

பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உன் அம்மாவைத் தவிர, என்றார்கள்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா இராக்கம்மா, புகையைக் கண்டதும் கூடையை எறிந்துவிட்டு எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்திருக்கிறாள். மண்வெட்டியால் தன் வீட்டுக் கதவை உடைத்து உள்ளே போயிருக்கிறாள். கூரைத் தகரம் அவள் மேல் விழுந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் பாதி முகம் தவிர மிச்சமெல்லாம் துணிக்கட்டாக இருந்தது. அன்று மாலை பார்க்க வந்த எல்லோரும் ஒன்றையேதான் கேட்டார்கள். எரிகிற வீட்டுக்குள் ஏன் போனாய்?

டிவியை எடுக்கப் போனதாக இராக்கம்மா சொன்னாள். எல்லோருக்கும் அதே பதில். மகளைத் தான்தான் றமீலா வீட்டுக்கு நோட்டு எழுத அனுப்பியதாகவும், யாரும் கேட்காமலே சொன்னாள்.

பார்க்க வந்த பெண்கள், வார்டுக்கு வெளியே போய்த் தலையில் அடித்துக்கொண்டார்கள். நாடகப் பைத்தியம் ஒரு மனுசியை இப்படியா ஆக்கும் என்று பேசிக்கொண்டார்கள். மாரிசாமி வெளியே வரும்வரைகூடப் பொறுக்கவில்லை.

“ஒரு டிவிப் பொட்டிக்காடி?” என்றார், எல்லோர் முன்னாலும்.

திரும்பத் திரும்ப அதையே கேட்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார்.

நிஷாந்தினி கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றாள். எல்லோரும் போன பிறகுதான் பக்கத்தில் வந்தாள். அம்மாவின் திறந்திருந்த ஒற்றைக் கண் அவள் பின்னல்மேல் நின்றது. பின்னல் இன்னும் காயவில்லை.

“தண்ணி சில்லுன்னு இருந்துச்சா புள்ள?”

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பரீட்சை முடியும்வரை அப்பாவிடம் வாயைத் திறக்கக் கூடாது என்றாள். அதன்பிறகு அம்மாவால் பேச முடியாமல் போயிற்று.

ஒன்பதாம் நாள் காலையில் இராக்கம்மா இறந்துபோனாள்.

ஆஸ்பத்திரியிலேயே ஒரு சிறிய அறையில் மரண விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி நிஸாம், அதிர்ந்து பேசாத மனிதர். அவர் கேட்கக் கேட்க மாரிசாமி சொன்னார். மனைவி டிவியை எடுக்கப் போய்த்தான் செத்தாள் என்று சொல்லும்போது அவர் குரலில் அப்போதும் கோபம் இருந்தது. நிஸாம் அதையும் எழுதிக்கொண்டார். மகளிடம் கேட்க அவருக்கு ஒன்றுமில்லை. பேனாவை மூடி வைத்தார். மாரிசாமி கையெழுத்துப் போட்டால் உடலை எடுத்துக்கொண்டு போகலாம்.

மாரிசாமி மேசைமேல் குனிந்தார்.

“ஐயா, அம்மா டிவிக்குப் போகலைங்க” என்றாள் நிஷாந்தினி.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். அன்று காலை தலைவலி என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டதைச் சொன்னாள். அம்மா நெற்றியில் தைலம் தடவி, போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதைச் சொன்னாள். வெளியில் பூட்டுத் தொங்கியிருந்தால், வீட்டில் யாருமில்லை என்று அம்மா திரும்பியிருப்பாள். பூட்டு இல்லை. தள்ளியும் கதவு திறக்கவில்லை.

“நான் உள்ள தூங்குறேன்னு நெனைக்கணும்னுதாங்க உள்தாழ்ப்பா போட்டேன். போட்டுட்டு, பின்னுக்குச் சன்னலால எறங்கிப் போயிட்டேன்.”

நிஸாம் பேனாவைத் திரும்பவும் திறந்தார்.

கையெழுத்துப் போடக் குனிந்த மாரிசாமி நிமிரவே இல்லை.