உள்பாக்கெட்

மாமா தையல்கூடத்துக்குள் வந்தபோது அவள் கோட்டுக்குக் கடைசிப் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

மாமா என்றால் அக்காவின் கணவர். கல்லூரிப் பக்கம் அதுவரை தலைகாட்டியதே இல்லை.

அக்காவுக்கு லேசாகக் காய்ச்சல், அதனால்தான் கோட்டை வாங்கிப்போக அவரே வந்ததாகச் சொன்னார். வாசல் காவலாளியைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் மேலே ஏறி வந்திருந்தார். யாரையும் இரண்டு வார்த்தையில் வளைத்துப்போட்டுவிடுவார்.

மதிய இடைவேளை. மற்ற மாணவிகள் சாப்பிடப் போயிருந்தார்கள். தலையில்லாத பொம்மைகள் அரைகுறை ஆடைகளோடு நின்றன.

கோட்டைப் பற்றி வீட்டில் யாரிடமும் மூச்சுவிடாதே என்று அக்கா சொல்லியிருந்தாள். மாமாவிடம் அவளே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

"உன் கைவேலையைக் காட்டு, பாப்போம்" என்றார்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆடை வடிவமைப்பில் இது கடைசி வருடம். துணி வெட்டுவதெல்லாம் ஒரு படிப்பா என்று வீட்டில் கேட்காத ஆள் இல்லை. மாமாவும் கேட்டவர்தான். இன்று அவரே வந்து காட்டச் சொல்கிறார்.

பொம்மையிலிருந்து கோட்டைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பிடித்தாள். பயணத்துக்கு ஏற்ற உடை என்பதுதான் இந்த வருடத் தலைப்பு என்றாள்.

வெளியே பார்த்தால் சாதாரணச் சாம்பல் நிறக் கோட்டு. உள்ளே லைனிங்கில் பாக்கெட்டுகள். முதுகில் அகலமாக ஒன்று. அதில் குழந்தை உடுப்பு இரண்டு செட் மடித்து வைத்தாலும் வெளியே உப்பாது. இடுப்போரம் மருந்துக்கு ஒன்று. நெஞ்சருகே சின்னதாக ஒன்று. யோசனை எல்லாம் அக்காவுடையது, இந்தப் படிப்பை அவள்தான் படித்திருக்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போனாள். டீச்சர்கூட வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டினாராம்.

மாமா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சின்ன பாக்கெட்டுக்குள் விரலை விட்டு, இந்த அளவு எங்கிருந்து வந்தது என்றார்.

அக்கா அட்டையில் வெட்டிக் கொடுத்தாள் என்றாள்.

வேலை விஷயமாக அடிக்கடி வெளிநாடு போகிறவர் அவர். தோள்பையிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்து அதில் செருகினார். பிடித்து வைத்த மாதிரி உட்கார்ந்தது. பக்கத்தில் இன்னொன்று நுழையும் அளவுக்குத் தளர்ச்சி இருந்தது.

"ரெண்டு பேருக்குத்தான் இடம் வெச்சிருக்கா. நாங்க மூணு பேர்."

குரலில் கோபமே இல்லை.

அளவெடுக்கும்போது முழுக்கைச் சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்று அக்கா அடம்பிடித்தது ஞாபகம் வந்தது. நானும் அக்கா வெட்கப்படுகிறாள் என்றல்லவா கிண்டலடித்தேன் என்று நினைத்தாள்.

பாக்கெட் எல்லாம் உண்மையில் தன் யோசனைதான், அக்காவுக்கு எதுவுமே தெரியாது என்று வாய்க்கு வந்ததை உளறினாள்.

"உன் யோசனைதானே? அப்ப நீயே மூடிடு. நான் இருக்கேன்."

பாஸ்போர்ட்டை உருவிக்கொண்டு வெட்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு பார்த்தார்.

வழக்கமான மெஷினில் உட்காரப் போனவள், மூலையில் இருந்த சங்கிலித் தையல் மெஷினுக்கு மாறினாள். மூட்டை வாயைத் தைக்கிற தையல் அது. என்ன நெம்பினாலும் தாங்கும். ஆனால் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் ஒரே உருவலில் மொத்தமும் பிரிந்துவிடும். தையல் தெரியாதவர்களுக்கு இது தெரியாது.

மூன்று பாக்கெட்டையும் நூலை அறுக்காமல் ஒரே ஓட்டமாக மூடினாள். தையல் நேராக விழுந்தது. நூல் முனையைக் கீழ் மடிப்புக்குள் தள்ளி மறைத்தாள்.

மாமா ஒவ்வொரு பாக்கெட் வாயையும் விரலால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. பாஸ்போர்ட்டையும் கோட்டையும் பையில் போட்டுக்கொண்டார். அக்கா தூங்கட்டும், போன் பண்ணித் தொந்தரவு செய்யாதே என்று அவள் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

காலடிச் சத்தம் படியிறங்கி ஓயும்வரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை எடுத்தாள். பேசினால் பக்கத்தில் யாராவது இருப்பார்களோ என்று பயந்து, அக்காவுக்கு மெசேஜ் அடித்தாள்.

'மாமாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா பயப்படாதே. பாக்கெட் மூடின மாதிரிதான் தெரியும். ஒரு முனையை இழுத்தா எல்லாம் பிரிஞ்சுடும். இன்னைக்கே கிளம்பிடு.'

உடனே பதில் வந்தது.

'எந்த முனை?'

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. அக்கா விழித்துத்தான் இருக்கிறாள்.

வலது பக்கம், கீழ் மடிப்புக்குள்ளே என்று அனுப்பினாள்.

மாமா போய்விட்டாரா என்று பார்க்க சன்னலுக்குப் போனாள்.

போகவில்லை. கீழே, வண்டிகள் நிற்கும் இடத்தில் நின்று போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் அதைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, பையைத் திறந்து கோட்டை வெளியே எடுத்தார். உள்பக்கத்தைத் திருப்பினார்.

வலது பக்கம், கீழ் மடிப்புக்குள் விரலை விட்டார்.

நூல் வந்துகொண்டே இருந்தது.