கருத்துக் கேட்கும் அழைப்பு

காவல் நிலைய வரவேற்பு மேசையில் அமர்ந்து, புகார் தந்தவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் காவலர் மெர்சி. ஒரகடம் செல்லும் கம்பெனிப் பேருந்துகள் கிளப்பிய புழுதி, கண்ணாடிக் கதவில் படிந்து பிற்பகல் வெயிலைப் பழுப்பாக்குகிறது. “இன்னா மெர்சி, இன்னும் ஒண்ணுதானே கீது? முடிச்சுடு,” என்கிறார் ஏட்டு டில்லிபாபு. அந்த ஒன்று, பத்து நாள்களுக்கு முன் கம்பெனி விடுதியிலிருந்து காணாமற்போன இசக்கிச்செல்வியின் தாய், சங்கரன்கோவில் கனகலட்சுமி. மெர்சி அழைத்ததும் முதல் மணியிலேயே அந்தத் தாய் எடுத்துவிடுகிறாள். “எம்புள்ள கெடச்சிட்டாளா தாயி?” மெர்சியின் விரல் படிவத்தின் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. “இல்லம்மா... ஸ்டேஷன்ல உங்கள மரியாதையா நடத்துனாங்களான்னு கேக்கத்தான் கூப்ட்டேன்.” மறுமுனையில் குக்கர் விசிலடித்து ஓய்கிறது. “நாக்காலி போட்டிய, தண்ணி தந்திய, ஒரு கொறையுமில்ல. இனி அவ கெடச்சா மட்டும் கூப்பிடுங்க தாயி. போன் அடிச்சாலே அவதான்னு ஓடியாரேன்.” அழைப்பு அடங்குகிறது. அவள் சொன்னதை எழுத இடமில்லாத படிவத்தில், ‘மிக நன்று’ என்ற கட்டத்தில் மெர்சி குறியிடுகிறாள்.